இறுதி மூச்சும் இயந்திர மூச்சும்

 

மார்க்கத் தீர்ப்புக் கேட்டு ஆலிம்களை நாடி வருவது நம் சமுதாயத்தில் தொன்றுதொட்டு இருந்துவரும் நல்வழக்கம். ஜகாத்தின் கணக்கு, பாகப் பிரிவினை, விடுபட்ட நோன்பின் களா என்று முன்பெல்லாம் கேள்விகள் வரும். கிதாபைப் புரட்டிப் பார்த்து விடை சொல்லி அனுப்புவோம். கடந்த சில ஆண்டுகளாக ஒரு புதிய கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் இரவு நேரத்தில், தொலைபேசியில், ஏதேனும் ஒரு மருத்துவமனை வராந்தாவிலிருந்து வருகிறது.

"ஹஜ்ரத், வாப்பாவுக்கு மூச்சு வாங்குது. வென்டிலேட்டர் வைக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னு சொல்றாங்க. வச்சாலும் பொழைக்கிறது கஷ்டம்னு அவங்களே சொல்றாங்க. வேணாம்னு சொன்னா, வாப்பாவைக் கொன்ன பாவம் எங்களுக்கு வருமா?"

இக்கேள்வியைக் கேட்பவரின் குரல் நடுங்கும். பதில் சொல்ல வேண்டிய நேரமோ பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் நோயின் நிலை, மருத்துவத்தின் எல்லை, மார்க்கத்தின் சட்டம், குடும்பத்தின் பொருளாதாரம் ஆகிய அனைத்தையும் எப்படி எடுத்துரைப்பது? நெருக்கடி வருமுன், மனம் அமைதியாக இருக்கும்போதே இது குறித்துச் சிந்திப்பது நல்லது என்று தோன்றியதால்தான் இதனை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, பின்னர் மதரஸாவில் ஓதி, இன்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருபவன். எனவே இது மருத்துவ ஆலோசனையும் அன்று, ஃபத்வாவும் அன்று. முற்றிய புற்றுநோயில் வாடியோரின் படுக்கையருகே அமர்ந்து யாஸீன் ஓதிய ஒருவன், தான் கண்டதையும் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். அவ்வளவே.

தீவிர சிகிச்சை எதைச் செய்கிறது?

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள கருவிகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தளர்ந்தால் வென்டிலேட்டர் மூச்சை உள்ளே தள்ளுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் டயாலிசிஸ் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. ரத்த அழுத்தம் இறங்கினால் அதனை உயர்த்திப் பிடிக்கும் மருந்துகள் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுகின்றன. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது போன்ற வேலை இது. சுவரைச் செப்பனிடும் கொத்தனார் வந்து வேலையை முடிக்கும்வரை முட்டுத் தாங்கி நிற்கும். செப்பனிடவே முடியாத சுவராக இருந்தால், முட்டு எத்தனை நாள் நின்றாலும் பயன் என்ன?

ஆகவே மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "கருவி வைக்கலாமா, வேண்டாமா?" என்பதன்று. "இப்போது மூச்சு முட்டுவது எதனால்? அந்தக் காரணத்தைச் சரிசெய்ய மருந்து இருக்கிறதா?" என்பதே முதற் கேள்வி. கிருமித் தொற்றால் மூச்சு முட்டுகிறது, அதற்கு மருந்து உண்டு, புற்றுநோய்க்கும் இன்னும் சிகிச்சை மிச்சமிருக்கிறது என்றால் முட்டுக் கொடுப்பதில் பொருளுண்டு. நுரையீரல் முழுவதும் புற்றே பரவிவிட்டது, கீமோதெரபியும் இனிப் பயன் தராது என்று கைவிட்டாகிவிட்டது என்றால், அங்கே கருவி செய்யக்கூடியது மிகச் சொற்பம்.

எண்கள் கூறும் செய்தி

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 14 லட்சம் பேர். அந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 9 லட்சம் பேர் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எனவே இது யாரோ ஒரு சிலரின் பிரச்சினையன்று. நம் ஒவ்வொரு தெருவின் பிரச்சினை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்ற புற்றுநோயாளிகள் அனைவரும் திரும்பாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ரத்தப் புற்றுநோய் அல்லாத, கட்டிவகைப் புற்றுநோய் கொண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஓர் ஆய்வுரை வெளியாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 38 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர் என்று அது கூறுகிறது. அப்படியாயின் 62 பேர் வீடு திரும்பினர்! ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் கண்காணிப்புக்காக வைக்கப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் அடங்குவர். நோய் முற்றிப் பரவி, பல உறுப்புகள் ஒருசேரத் தளர்ந்து வருபவரின் நிலை வேறு.

அந்த நிலையை விளக்க மற்றோர் ஆய்வு உதவும். பாரிஸ் நகரின் ஸான் லூயி மருத்துவமனையில், வென்டிலேட்டர் தேவைப்பட்டு, இரண்டு உறுப்புகளாவது தளர்ந்த நிலையில் வந்த 188 புற்றுநோயாளிகளுக்கு ஐந்து நாள் தவணை வைத்து முழுச் சிகிச்சை அளித்துப் பார்த்தனர். படுத்த படுக்கையாக இருந்தோரும், ஆயுளை நீட்டும் சிகிச்சை எதுவும் எஞ்சியிராதோரும் அதில் சேர்க்கப்படவில்லை. 2007இல் வெளியான அதன் முடிவின்படி, பிழைத்து வீடு சென்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர். மூன்று நாள் சிகிச்சைக்குப் பிறகும் நிலை மோசமாகி, புதிதாக வென்டிலேட்டரோ டயாலிசிஸோ ரத்த அழுத்த மருந்தோ தொடங்க வேண்டி வந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. முதல் சில நாட்களே பெரும்பாலும் விடை சொல்லிவிடுகின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

இதயம் நின்றபின் மார்பை அழுத்தி உயிரூட்ட முயல்வதைப் பற்றியும் கணக்கு உண்டு. 42 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான முடிவு இது: புற்றுநோயாளிகளில் அம்முயற்சிக்குப் பின் உயிருடன் வீடு திரும்பியோர் நூற்றுக்கு 6.2 பேர். நோய் பரவியவர்களில் 5.6 பேர். ஏற்கெனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் 2.2 பேர். தளர்ந்த உடலில் மார்பை அத்தனை பலமாக அழுத்தும்போது விலா எலும்புகள் முறிவதும் உண்டு.

1995இல் அமெரிக்காவில் 'ஸப்போர்ட்' என்ற பெரும் ஆய்வு வெளியாயிற்று. ஐந்து மருத்துவமனைகளில், கடும் நோயுற்ற 9,105 பேரை உட்படுத்திய ஆய்வு அது. மருத்துவமனையில் நினைவோடு இருந்து இறந்தவர்களில் பாதிப்பேர், இறுதி நாட்களில் பாதி நேரமாவது மிதமான அல்லது கடுமையான வலியில் துடித்ததாக அவர்களது குடும்பத்தார் கூறினர். செல்வச் செழிப்பும் நவீனக் கருவிகளும் நிறைந்த நாட்டின் நிலை இது!

இருவர் கதை

எங்கள் மஹல்லாவில் கல்லூரி மாணவர் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது. கீமோதெரபி கொடுத்ததில் வெள்ளணுக்கள் குறைந்து, கடும் கிருமித் தொற்று ஏற்பட்டு, மூச்சுத் திணறி, வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். அவருடைய தாயார் பள்ளிவாசல் வாசலில் நின்று ஒவ்வொரு தொழுகைக்கும் துஆ கேட்பார். நான்காம் நாள் கருவி எடுக்கப்பட்டது. இன்று அந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறார். வெள்ளிக்கிழமைகளில் முன் ஸஃப்பில் அவரைக் காண்கிறேன். அன்று வென்டிலேட்டர் வேண்டாம் என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது எத்தகைய இழப்பு! அவருடைய தொற்றுக்கு மருந்து இருந்தது; அவருடைய புற்றுநோய்க்கும் சிகிச்சை இருந்தது.

அதே தெருவில் முதியவர் ஒருவர். வயது 72. நுரையீரலில் தோன்றிய புற்று, கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்டது. மூன்றாம் முறை கொடுத்த மருந்தும் பலிக்கவில்லை என்று மருத்துவர்கள் கூறியிருந்தனர். ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறல் ஏற்பட, பிள்ளைகள் பதறிப்போய்ப் பெருநகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றிற்குத் தூக்கிச் சென்றனர். வென்டிலேட்டர் வைக்கப்பட்டது. அடுத்து டயாலிசிஸ். பத்தாம் நாள் கழுத்தில் துளையிட்டுக் குழாய். மொத்தம் 16 நாட்கள்.

பிள்ளைகள் அழைத்ததன் பேரில் நான் சென்றேன். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், ஒரு நேரத்தில் ஒருவர் என்பது அங்கே விதி. குழாயைப் பிடுங்கிவிடாதிருக்க அவருடைய கைகள் துணியால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. என்னைக் கண்டதும் கண்கள் அகன்றன. உதடுகள் அசைந்தன. ஒலி வரவில்லை. நாற்பது ஆண்டுகள் எங்கள் பள்ளிவாசலில் ஃபஜ்ருக்குப் பாங்கு சொன்ன குரல் அது. காதருகே குனிந்து கலிமாவைச் சொன்னேன். நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பிவிட்டனர். இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உள்ளே அவர் தனியே இறந்துபோனார். கட்டணம் முழுவதும் கட்டி முடித்து ஜனாஸா ஊர் வந்து சேர மறுநாளாகிவிட்டது. மூத்த மகன் தமது கடையை அடகு வைத்திருந்தார்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பெற்றவர் மீதுள்ள பாசத்தால் செய்தார்கள். "செய்யாமல் விட்டால் பாவம்" என்ற அச்சத்தாலும் செய்தார்கள். அந்த அச்சம் சரிதானா என்பதைத்தான் இனி நாம் ஆராய வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. அல்லாஹ் நோயை இறக்கும்போது அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு நிகர் என்பது திருக்குர்ஆனின் போதனை. உயிரை நாமே மாய்த்துக்கொள்வதும், மருந்து கொடுத்து மாய்ப்பதும் ஹராம் என்பதில் கருத்து வேற்றுமையே இல்லை. கருணை என்ற பெயரில் செய்தாலும் அது கொலைதான்.

ஆனால் எல்லாச் சிகிச்சையும் எல்லா நிலையிலும் கட்டாயக் கடமையா? இங்கேதான் நம் முன்னோரின் நுண்ணறிவைக் காண்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குல் பற்றிப் பேசும்போது, துன்பம் நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பலன் உறுதியானது, பலன் பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கது, பலன் வெறும் ஊகமானது என்று. பசிக்கு உணவும் தாகத்திற்கு நீரும் முதல் வகை. அதனை விடுவது குற்றம். மருந்து இரண்டாம் வகை. அதனைச் செய்வது தவக்குலுக்கு முரணன்று, விட்டவர் பாவியுமல்லர். மூன்றாம் வகையை விடுவதே சிறப்பு. ஹனஃபி மத்ஹபின் ஃபதாவா ஆலம்கீரியிலும் இதே பகுப்பு உண்டு. நம் ஷாஃபிஈ மத்ஹபில் சிகிச்சை செய்வது விரும்பத்தக்கது, சுன்னத்து என்பதே பிரதானமான கருத்து. ரத்தம் பீறிடும் காயத்தைக் கட்டுவது போன்று பலன் திண்ணமான இடத்தில் மட்டுமே அது கட்டாயமாகிறது.

வலிப்பு நோயால் வருந்திய பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் துஆ கேட்டு வந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் குணமடைய துஆ என்று அவருக்கு இரு வழிகள் காட்டப்பட்டன. அவர் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார். சிகிச்சையை விடுவது பாவமென்றால் அந்தத் தேர்வு அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்குமா?

இன்னொரு செய்தி என் உள்ளத்தை எப்போதும் உலுக்குவது. நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது, வீட்டார் அவர்களுடைய வாயில் மருந்தை ஊற்றினர். வேண்டாமென்று நபியவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிகள் மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டனர். தெளிவு பெற்றதும் நபியவர்கள் அதனைக் கண்டித்தார்கள். அங்கிருந்தோர் எல்லாருடைய வாயிலும் அதே மருந்தை ஊற்றச் செய்தார்கள்; அந்நேரம் உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. பேச முடியாத நோயாளியின் சைகைக்கும் மதிப்புண்டு, பாசத்தின் பெயரால்கூட அதனை மீறலாகாது என்ற படிப்பினையை இதிலிருந்து நாம் பெறலாம். கட்டப்பட்ட அந்த முதியவரின் கைகள் எந்தச் சைகையைக் காட்ட முயன்றனவோ, அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

இக்கால அறிஞர்களும் இதனை ஆராய்ந்துள்ளனர். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாதமி 1986இல் அம்மானில் கூடி, மூளையின் செயல்பாடுகள் அனைத்தும் மீளாத வகையில் நின்று, அது சிதையத் தொடங்கிவிட்டதாகத் துறை வல்லுநர்கள் முடிவு செய்தால், கருவிகளின் துணையால் இதயம் துடித்துக்கொண்டிருப்பினும் அவற்றை அகற்றலாம் எனத் தீர்மானித்தது. 1992இல் ஜித்தாவில் கூடியபோது, சிகிச்சையின் சட்டம் நபருக்கும் நிலைக்கும் ஏற்ப மாறும் என்றது. குணமாகும் எதிர்பார்ப்பு இருப்பினும் இல்லாவிடினும் நோயாளியின் உடல் வேதனையையும் மன வேதனையையும் தணிப்பது கடமை என்றும் வலியுறுத்தியது. சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு ஹிஜ்ரி 1409இல் வழங்கிய 12086ஆம் எண் ஃபத்வாவில், நோய் தீராதது, மரணம் நெருங்கிவிட்டது என்று நம்பத்தக்க மூன்று மருத்துவர்கள் உறுதி கூறினால் உயிரூட்டும் கருவிகளைப் பயன்படுத்தத் தேவையில்லை என்றது.

கொல்வது வேறு, இறைவன் விதித்த மரணத்தை அதன் போக்கில் வரவிடுவது வேறு. இந்த வேறுபாடு நம் மனத்தில் ஆழப் பதிய வேண்டும்.

என் லாத்தாவின் இறுதி நாட்கள்

இதனையெல்லாம் கிதாபில் படிப்பது எளிது. சொந்த வீட்டில் வரும்போதுதான் அதன் கனம் தெரியும்.

என் லாத்தா தமது வீட்டுத் திண்ணையில் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வந்தவர். மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவையும் மருந்துமாக நான்காண்டுகள் கழிந்தபின், எலும்பிலும் நுரையீரலிலும் அது தலைகாட்டியது. நெஞ்சில் நீர் கோத்து இருமுறை இறைத்தார்கள். இனிக் கொடுக்கும் மருந்து துன்பத்தையே தரும் என்று மருத்துவர் அம்மையார் ஒருநாள் எங்களிடம் வெளிப்படையாகப் பேசினார். நாங்கள் வாயடைத்து நின்றோம். லாத்தாதான் கேட்டார்:

"டாக்டரம்மா, மூச்சு முட்டினா மிஷின் வப்பீங்களாமே. வச்சா நான் மறுபடி எந்திரிச்சு உக்காந்து ஓதிக் கொடுக்க முடியுமா?"

"முடியாதும்மா. மூச்சை மட்டும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம். ஆனா பேச முடியாது."

"அப்ப எனக்கு அது வேணாம். என் நாக்கு எனக்கு வேணும்."

துபாயிலிருந்து காக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "காசு எவ்வளவு ஆனாலும் நான் தர்றேன். லாத்தாவை ஐ.சி.யு.வுல சேர்த்துடு. நாங்க இருந்தும் கைவிட்டுட்டோம்னு நாளைக்கு ஊர் சொல்லாதா?" அவருடைய குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தின் அடியில் அழுகை இருந்தது. நான் மறுமொழி சொல்லுமுன் லாத்தா தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, அந்தக் காசுக்கு டிக்கெட் எடு. ஐ.சி.யு.வுல உன்னை உள்ள விட மாட்டாங்க. இங்க வந்து என் பக்கத்துல உக்காரு."

காக்கா மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். அதன்பின் ஒன்பது நாட்கள். நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை மார்பின் மருந்து. மார்பின் என்றதும் போதை, சீக்கிரம் மரணம் என்று நாங்களும் முதலில் அஞ்சினோம். உரிய அளவில் கொடுத்தால் அது வலியைத் தணிப்பதோடு மூச்சுத் திணறலின் தவிப்பையும் குறைக்கும் என்று வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர் விளக்கினார். வலி அடங்கியதும் லாத்தாவுக்குத் தூக்கம் வந்தது; விழித்ததும் பேச்சு வந்தது. யாருடையதோ அமானிதமாக இருந்த இரண்டு வளையல்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மளிகைக் கடை பாக்கி 840 ரூபாயை நினைவாகச் சொல்லி அடைக்கச் செய்தார். மருமகளை அழைத்து மன்னிப்புக் கேட்டார்; இருவரும் அழுதார்கள். பத்தாண்டுகளாகத் தீராத ஒரு மனத்தாங்கல் அந்த அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். கடைசிக்கு முந்தின இரவு மூச்சு மிகவும் இரைத்தது. மகள் தாங்க மாட்டாமல், "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று என் கையைப் பிடித்து அழுதாள். செவிலியரைத் தொலைபேசியில் அழைத்தோம். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைக்கவும், ஜன்னலைத் திறந்து சிறு மின்விசிறியை முகத்துக்கு நேரே வைக்கவும், மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த கூடுதல் அளவைக் கொடுக்கவும் சொன்னார். அரை மணி நேரத்தில் இரைப்பு தணிந்தது. உலர்ந்த உதடுகளை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் அஸருக்குப் பின், திண்ணைப் பிள்ளைகள் நான்கைந்து பேர் யாஸீன் ஓத, காக்காவின் கையைப் பிடித்தபடி, கலிமா நாவில் இருக்க, லாத்தா ரப்பிடம் சென்றார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நோய்த்தணிப்பு என்பது கைவிடுதலன்று

"சிகிச்சை வேண்டாம்" என்பதும் "தீவிர சிகிச்சை வேண்டாம்" என்பதும் ஒன்றல்ல. நம் நாட்டில் பலர் பணம் தீர்ந்தபின், "எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியை வீட்டுக்குக் கொண்டு வருகின்றனர். வலி மருந்து இல்லை, வழிகாட்டுவாரும் இல்லை. அது கைவிடுதலேயாகும். நான் கூறுவது அதுவன்று.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியாயிற்று. தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் இறுதிக் காலத்தில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே ஏற்றனர். அவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்ததோடு, ஆயுளும் கூடுதலாகவே இருந்தது. இடைநிலைக் கணக்கில் 11.6 மாதங்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதங்கள். வேதனையைத் தணித்தால் ஆயுள் குறையும் என்ற அச்சத்திற்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தோழர்களோடு இப்பணியைத் தொடங்கினர். அது மலப்புறம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் பரவியது. மாணவர், வணிகர், இல்லத்தரசிகள் என்று தொண்டர்கள் நோயாளியின் வீடு தேடிச் செல்கின்றனர். ஊர் மக்கள் தரும் சிறு சிறு தொகைகளால் அது நடைபெறுகிறது. 2008இல் அம்மாநில அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. தமிழகத்தில் 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்பு அளிக்கும் பணி சேர்க்கப்பட்டிருக்கிறது. மார்பின் பெறுவதற்கு இருந்த கடும் சட்டச் சிக்கல்களை மத்திய அரசு 2014இல் திருத்தம் செய்து தளர்த்தியது.

நாட்டின் சட்டம்

கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. மீளாத நிலையில் தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அந்த நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று எளிமையாக்கப்பட்டது. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெசட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். ஏற்கெனவே வைத்த கருவியை அகற்றுவதற்கு மருத்துவமனையின் மூன்று மருத்துவர் குழுவும், அதன்பின் இரண்டாம் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும்; குடும்பத்தாரின் சம்மதமும் வேண்டும். மருந்து கொடுத்து உயிரைப் போக்குவதைச் சட்டம் இன்றும் அனுமதிக்கவில்லை. நம் ஷரீஅத்தின் எல்லைக்கோடும் அதுவேயல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பேசுங்கள். 332 புற்றுநோயாளிகளைப் பற்றி 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, இறுதிக்காலம் குறித்து மருத்துவரோடு முன்னரே பேசியிருந்தவர்களில் வென்டிலேட்டர் வைக்கப்பட்டோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு என்றும், பேசாதவர்களில் 11 பேர் என்றும் காட்டுகிறது. பேசியவர்கள் அதனால் மனமுடைந்து போகவுமில்லை. நோயாளியிடம் உண்மையை மறைத்து நாடகமாடுவதால், அவர் கடனை அடைக்கவும், மன்னிப்புக் கேட்கவும், வஸிய்யத் செய்யவும் உள்ள வாய்ப்பை நாம் பறித்துவிடுகிறோம். வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ளவர் அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்தன்றோ?

இரண்டாவதாக, மருத்துவரிடம் கேளுங்கள். இப்போதைய சிக்கல் மீளக்கூடியதா? நோய்க்கு இன்னும் சிகிச்சை உண்டா? கருவி வைத்தால் எத்தனை நாள் பார்ப்பது, எந்த நாளில் மறுபடி பேசுவது? ஐயமிருந்தால் தவணை வைத்து முயன்று பார்ப்பதும் நல்வழியே.

மூன்றாவதாக, முடிவெடுத்த குடும்பத்தைத் தூற்றாதீர்கள். "பணம் செலவழிக்க மனமில்லாமல் விட்டுவிட்டார்கள்" என்று ஜனாஸா வீட்டில் பேசும் ஒரு சொல், அடுத்த வீட்டாரைக் கடன்காரராக்கி அவருடைய பெற்றோரைக் குழாய்களுக்கிடையே தனிமையில் சாகவைக்கும்.

நான்காவதாக, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இறந்தவரைச் சுமக்க ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சந்தூக் இருக்கிறது. இறக்கப் போகிறவரைச் சாய்த்துப் படுக்க வைக்கும் கட்டில் எத்தனை பள்ளிவாசல்களில் இருக்கிறது? தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஒன்று, படுக்கைப் புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை ஒன்று, ஆக்ஸிஜன் தரும் கருவி ஒன்று ஆகிய மூன்றும் ஸதகா நிதியில் வாங்கி வைத்தால் மஹல்லா முழுவதற்கும் பயன்படும். நம் இளைஞர்களில் சிலரை நோய்த்தணிப்புப் பயிற்சிக்கு அனுப்பலாம். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து என்கிறோம். விசாரித்துவிட்டுப் பழப்பையை வைத்துத் திரும்புவதோடு அது முடிந்துவிடுமா?

அன்பர்களே! மரணத்தை ஆசைப்படக் கூடாது என்றும், வாழ்வு நன்மையாக இருக்கும்வரை வாழவைக்குமாறும், மரணம் நன்மையாகும்போது எடுத்துக்கொள்ளுமாறும் இறைவனிடம் வேண்டலாம் என்றும் நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். மருந்து தேடுவதும் அந்த வேண்டுதலுக்கு உட்பட்டதே; மருந்தின் எல்லையை ஒப்புக்கொள்வதும் அதற்கு உட்பட்டதே. உங்கள் வீட்டில் நோயுற்றவர் இருந்தால், இன்று இஷாவுக்குப் பின் அவர் அருகே அமர்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவை அருள்வானாக! தவணை முடிந்தவர்களுக்கு ஸக்ராத்தின் வேதனையை இலேசாக்கி, நாவில் கலிமாவையும் அருகில் சொந்தங்களையும் தந்து, ஈமானோடு அழைத்துக்கொள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.